மெர்மெய்ட்ஸ் விவகாரம்: செய்தியில் இல்லாத குழந்தைகள்

2024 அக்டோபர் 24 அன்று இங்கிலாந்தின் தொண்டு நிறுவனங்கள் ஆணையம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. திருநர் குழந்தைகளுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் ஆதரவாக இயங்கும் ‘மெர்மெய்ட்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தின் மீது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்த விசாரணையின் முடிவு அது. நிறுவனத்தின் நிர்வாகத்தில் சீர்கேடு இருந்தது என்று ஆணையம் சொன்னது. அதே அறிக்கையில், முறைகேடான நடத்தை எதையும் கண்டறியவில்லை என்றும், குழந்தைகளுக்கு மருத்துவ ஆலோசனை வழங்கியது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

இந்த அறிக்கை வந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால், 2022இல் அந்த நிறுவனத்தைப் பற்றி வந்த குற்றச்சாட்டுகள் கடல் தாண்டி நம் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தன. ‘குழந்தைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் மாற்றும் கும்பல்’ என்ற தோரணையில் அவை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ‘மேற்கு நாடுகளே விழித்துக்கொண்டன, நீங்கள் மட்டும் ஏன் இன்னும் திருநர் உரிமை பேசுகிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துத் தலைப்புச் செய்திகள்தான்.

எனவே அங்கே உண்மையில் என்ன நடந்தது, அதை ஊடகங்கள் எப்படிச் சொன்னன, சொல்லாமல் விட்டது என்ன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெர்மெய்ட்ஸுக்கு வக்காலத்து வாங்குவது இக்கட்டுரையின் வேலை அல்ல. அந்த நிறுவனம் செய்த தவறுகளையும் சேர்த்தே பேசுவோம்.

பெற்றோர்கள் தொடங்கிய அமைப்பு

மெர்மெய்ட்ஸ் 1995இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் பெற்றோர்கள். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாமல் தவித்த தங்கள் பிள்ளைகளைப் புரிந்துகொள்ள வழி தெரியாமல், ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்து பேசிய அம்மாக்களும் அப்பாக்களும்தான் அதன் அடித்தளம். ஒரு தொலைபேசி உதவி எண், பெற்றோர்களுக்கான குழு, பிள்ளைகள் சந்தித்துக்கொள்ள ஓர் இடம். நீண்ட காலம் அது ஒரு சிறிய அமைப்பாகவே இருந்தது. நாளிதழ்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

2018 டிசம்பரில் இங்கிலாந்தின் தேசிய லாட்டரி நிதியம் அந்த நிறுவனத்துக்கு 5,00,000 பவுண்டு வழங்க முடிவு செய்தது. ஐந்து ஆண்டுகளில் நாடெங்கும் ஆதரவுக் குழுக்களைத் தொடங்குவதற்கான பணம். உடனே தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் எழுத்தாளர் கிரஹாம் லைன்ஹன் போன்றவர்கள் முன்னின்று புகார்களைக் குவித்தார்கள். நிதியம் பணத்தை நிறுத்திவைத்து மறு ஆய்வு செய்தது. இதற்கிடையே 2019 ஜனவரியில், ஹாரி பிரூவிஸ் என்ற யூடியூப் படைப்பாளர் ஒரு பழைய டாங்கி காங் வீடியோ கேமை 57 மணி நேரம் நேரலையில் விளையாடி, 3,40,000 டாலருக்கும் மேல் மெர்மெய்ட்ஸுக்குத் திரட்டிக் கொடுத்தார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் அந்த நேரலையில் வந்து பேசினார். பிப்ரவரியில் நிதியம் தன் மறு ஆய்வை முடித்து, பணம் தருவதை உறுதி செய்தது.

அதன் பிறகு அந்த நிறுவனம் சிறிய அமைப்பாக இருக்கவில்லை. பணம் வந்தது, புகழ் வந்தது, கண்காணிப்பும் வந்தது. அந்த வளர்ச்சிக்கு ஈடாக நிர்வாகம் வளரவில்லை என்பதுதான் பின்னர் வந்த எல்லாச் சிக்கல்களின் வேர்.

உண்மையான தவறுகள்

2019 ஜூனில் சண்டே டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. மெர்மெய்ட்ஸின் உள் மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 780 பக்கங்கள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடி எடுக்கும் நிலையில் கிடந்தன. 550 பேரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அதில் இருந்தன. சிலரது உடல்நலம், மனநிலை பற்றிய விவரங்களும் இருந்தன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவை அப்படியே கிடந்தன. 2021 ஜூலையில் தகவல் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 25,000 பவுண்டு அபராதம் விதித்தது. மிகவும் நொறுங்கிப்போன நிலையில் உதவி கேட்டு வந்தவர்களின் ரகசியத்தைக் காக்கத் தவறியது பெரிய குற்றம். அதைக் கண்டுபிடித்து எழுதியது நல்ல இதழியல். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

2022 செப்டம்பர் இறுதியில் டெய்லி டெலிகிராப் வெளியிட்ட புலனாய்வுச் செய்திதான் பெரும் புயலைக் கிளப்பியது. 14 வயதுப் பிள்ளைபோலப் பேசிய ஒருவருக்கு, அம்மா எதிர்க்கிறார் என்று சொன்ன பிறகும், மெர்மெய்ட்ஸ் ‘பைண்டர்’ அனுப்பித் தர முன்வந்தது என்பது அதன் சாரம். பைண்டர் என்பது மார்பு தட்டையாகத் தெரியும்படி இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை. அளவு தவறினாலோ, நீண்ட நேரம் அணிந்தாலோ மூச்சுத் திணறலும் விலா வலியும் வரும். அது கிடைக்காத பிள்ளைகள் கட்டுத் துணியையும் ஒட்டும் டேப்பையும் சுற்றிக்கொள்கிறார்கள் என்பதும், அது இன்னும் ஆபத்து என்பதும் அதே அளவு உண்மை.

அடுத்த சில வாரங்களில் செய்திகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. அறங்காவலர் ஒருவர், சிறாரிடம் பாலியல் ஈர்ப்பு உள்ளவர்களுக்காக இயங்கும் ஓர் அமைப்பின் கூட்டத்தில் 2011இல் பேசியிருந்தார் என்பது வெளிவந்தது; அவர் பதவி விலகினார். ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துமுன் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காதது நிறுவனத்தின் தவறு. நவம்பரில் தலைமை நிர்வாகி சூசி கிரீன் வெளியேறினார். டிசம்பரில் ஆணையம் முறையான சட்டபூர்வ விசாரணையைத் தொடங்கியது.

இன்னொன்றும் இருக்கிறது. எல்ஜிபி அலையன்ஸ் என்ற எதிர்த்தரப்பு அமைப்புக்குத் தொண்டு நிறுவனத் தகுதி வழங்கியதை எதிர்த்து மெர்மெய்ட்ஸ் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. அப்படி மேல்முறையீடு செய்யும் சட்ட உரிமை மெர்மெய்ட்ஸுக்கு இல்லை என்று சொல்லி 2023 ஜூலையில் தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது. பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதற்காகத் தொடங்கிய அமைப்பு, தன் ஆற்றலை எதிராளியின் பதிவை ரத்து செய்யச் செலவிட்டது சரியான முடிவா என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

விமர்சனம் வேறு, வேட்டை வேறு

இத்தனை தவறுகளை ஒப்புக்கொண்ட பிறகு, ஊடகங்கள் மீது என்ன குறை என்று கேட்கலாம்.

நம் ஊர் உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆதிதிராவிடர் நல விடுதியில் காப்பாளர் அரிசியைத் திருடி விற்கிறார், கழிப்பறைக்குக் கதவு இல்லை, இரவில் காவலாளி இல்லை என்று ஒரு செய்தி வருகிறது. நாம் என்ன கேட்போம்? காப்பாளர் மீது நடவடிக்கை எடு, தணிக்கை செய், கதவு போடு, காவலாளி நியமி என்று கேட்போம். ‘இந்தப் பிள்ளைகளுக்கு விடுதி எதற்கு? இவர்கள் படிக்கத்தான் வேண்டுமா?’ என்று ஒருவர் அந்தச் செய்தியிலிருந்து தாவினால், அவரது அக்கறை அரிசியைப் பற்றியது அல்ல என்பது நமக்கு உடனே புரிந்துவிடும். அந்த விடுதியே இருக்கக்கூடாது என்று முன்பே முடிவு செய்துவிட்டு, காரணம் தேடி அலைந்தவர் அவர்.

மெர்மெய்ட்ஸ் விவகாரத்தில் நடந்தது அந்தத் தாவல்தான். ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கியது, ‘திருநர் குழந்தை என்று ஒன்று உண்டா?’ என்ற கேள்வியாகச் சில நாட்களிலேயே மாறியது. நிர்வாகத்தைப் பற்றிய கேள்விக்கு ஆணையத்தின் அறிக்கை விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு எந்த அறிக்கையும் விடை சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அது விடை தேடிக் கேட்கப்பட்ட கேள்வியே அல்ல. ஒரு பிள்ளையின் இருப்பையே தினமும் விவாதப் பொருளாக மேசையில் வைத்திருப்பதுதான் அதன் நோக்கம்.

இந்தக் கலவையில் முதலில் காணாமல் போனவர்கள் பிள்ளைகள்தான். அவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்: பத்தி எழுத்தாளர்கள், அமைச்சர்கள், முன்னாள் ஊழியர்கள், வழக்கறிஞர்கள். அந்த உதவி எண்ணை அழைத்த ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஏன் அழைத்தது, அழைப்பதற்கு முன் யாரிடமெல்லாம் பேச முயன்றது, அழைத்த பிறகு என்ன ஆனது என்ற கேள்விகளுக்கு அந்த வாரங்களின் செய்திகளில் இடம் இருக்கவில்லை. பெயரை வெளியிட வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை. பாதுகாப்போடு அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் முறைகள் இதழியலில் இல்லாமல் இல்லை. கேட்கும் விருப்பம்தான் இல்லை.

2022 அக்டோபரில் ஒரு நிகழ்வு நடந்தது. தொடர்ந்து வந்த வசைகளையும் மிரட்டல்களையும் தாங்க முடியாமல் மெர்மெய்ட்ஸ் தன் உதவி எண்ணைத் தற்காலிகமாக மூடியது. அது எதைக் குறிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம்’ என்று சொன்னவர்களின் கோபம், குழந்தைகள் அழைக்கும் தொலைபேசி இணைப்பையே அடைத்துவிட்டது. அந்த நாட்களில் அந்த எண்ணை அழைத்த பிள்ளைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கான பொறுப்பை எந்த ஆசிரியர் குழுவும் ஏற்கவில்லை.

பெற்றோர் என்ற கேள்வி

பைண்டர் விவகாரத்தில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிறுவனம் பொருள் அனுப்பலாமா? ‘கூடவே கூடாது’ என்பதும் ‘தாராளமாக அனுப்பலாம்’ என்பதும் இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். பிள்ளையின் உடல்நலத்தைக் கவனிக்க ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவர் வீட்டில் இல்லாதபோது யார் என்பதுதான் கேள்வி.

சாதி ஒழிப்பு அரசியல் பேசும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. குடும்பம் என்றாலே பாதுகாப்பு என்று நாம் நம்பியதில்லை. சாதி மறுத்துக் காதலித்த மகளைப் பெற்றவர்களே கொன்ற வழக்குகளை நாம் எண்ணிக்கொண்டே இருக்கிறோம். ‘பெற்றோரின் சம்மதம்’ என்ற சொல்லைச் சட்டமாக்கச் சொல்லி ஆதிக்க சாதி அமைப்புகள் கேட்கும்போது, அதில் ஒளிந்திருப்பது என்ன என்று நமக்குத் தெரியும். திருநங்கைகள், திருநம்பிகள் பலரின் வாழ்க்கைக் கதை வீட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்காகப் பெற்றோர் எல்லோரும் எதிரிகள் என்று சொல்லவில்லை. மெர்மெய்ட்ஸையே தொடங்கியவர்கள் பெற்றோர்கள்தானே? பிள்ளைக்காக ஊரை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். ஆனால் அன்றைய செய்திகளில் ‘பெற்றோர்’ என்றால் ஒரே வகைதான் வந்தது: ஏமாற்றப்பட்ட, பயந்துபோன பெற்றோர். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உதவி எண்ணை அழைத்த பெற்றோர் அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை.

எண்களும் எழுத்துகளும்

இந்த விவகாரத்தில் மருத்துவம் பற்றிய பேச்சு தவிர்க்க முடியாதது. இங்கிலாந்தில் பாலின அடையாளம் தொடர்பாகச் சிறாருக்கென்று இருந்தது ஒரே ஒரு தேசிய மருத்துவச் சேவை. 1989இல் தொடங்கப்பட்ட அது லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தின் கீழ் இயங்கியது. 2011-12இல் அங்கே பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகள் 250 பேருக்கும் குறைவு. 2021-22இல் 5,000 பேருக்கும் மேல். முதல் சந்திப்புக்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டிய நிலை. பதின்மூன்று வயதில் வரிசையில் நின்ற பிள்ளை, மருத்துவரைப் பார்க்கும்போது பருவ வயதைக் கடந்துகொண்டிருக்கும்.

அரசு மருத்துவச் சேவை கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவர் ஹிலரி காஸ் நடத்திய ஆய்வு 2024 ஏப்ரலில் வெளிவந்தது. பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான அறிவியல் ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்று அது சொன்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆதாரம் போதாது என்றால் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதுதான் அறிவியல். அந்த ஆய்வின் மீதும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 2024 ஜூலையில் அதை மதிப்பீடு செய்யப்போவதாக அறிவித்தது. ஆனால் அதே காஸ் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. இந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தரத்தில் மருத்துவ, மனநலக் கவனிப்பு கிடைக்க வேண்டும். இந்த விவாதத்தில் ஊறியிருக்கும் நஞ்சு அந்தப் பிள்ளைகளுக்கே தீங்கு செய்கிறது என்றது. முதல் பாதியை எடுத்து ஊதிய பத்திரிகைகளுக்கு, தங்களையும் சேர்த்துச் சுட்டிய இரண்டாம் பாதி கண்ணில் படவில்லை.

ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் அந்த மருந்துகளை வழக்கமாகத் தருவதை அரசு மருத்துவச் சேவை நிறுத்தியபோது, அச்சேவையின் மூலம் அவற்றை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் 100 பேருக்கும் குறைவு. நாடு முழுவதிலும் நூறு பேர்கூட இல்லை. ஆண்டுக்கணக்கில் தலையங்கங்களும் தொலைக்காட்சி விவாதங்களும் நாடாளுமன்ற உரைகளும் ‘ஒரு தலைமுறையே அழிகிறது’ என்ற தொனியில் பேசிக்கொண்டிருந்தன. காத்திருப்போர் வரிசையில் எந்தக் கவனிப்பும் கிடைக்காமல் நின்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம் எழுந்திருந்தாலும் ஏதாவது மாறியிருக்கும்.

இந்தக் குற்றச்சாட்டு பழையது

இங்கிலாந்துப் பத்திரிகைகளின் இந்தப் பதற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பள்ளிகளில் தன்பால் ஈர்ப்பைப் பரப்புகிறார்கள், குழந்தைகளைக் கெடுக்கிறார்கள் என்று 1980களில் அங்கே பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அதன் விளைவாக தாட்சர் அரசு 1988இல் ‘பிரிவு 28’ என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பால் ஈர்ப்பை ‘ஊக்குவிக்க’ அது தடை போட்டது. கேலிக்கும் அடிக்கும் ஆளான மாணவருக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆசிரியர்கள் பயந்தார்கள். ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்து, வேல்ஸில் 2003இலும்தான் அது நீங்கியது.

அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன், அதே ஆட்சியாளர்கள் நம் நிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் என்று அதை நாம் அறிவோம். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குறவர், கள்ளர் உள்ளிட்ட சமூகங்கள் கைரேகை வைத்து ஊருக்குள் முடக்கப்பட்டது அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியால்தான். ஆனால் 1871 சட்டத்துக்கு இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அது வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. குழந்தைகளைக் கடத்துகிறார்கள், விரைநீக்கம் செய்கிறார்கள் என்று ‘சந்தேகிக்கப்படும்’ ஹிஜ்ராக்களின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்படிப் பதிவானவர்கள் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ, பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறை. 16 வயதுக்கு உட்பட்ட சிறுவன் அவர்கள் வீட்டில் இருந்தால் அதுவும் குற்றம். தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது.

ஒரே சட்டம். ஒரு பகுதியில் ‘பிறவிக் குற்றவாளி’ என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்கள். மறுபகுதியில் ‘பிள்ளை பிடிப்பவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட திருநர்கள். சாதி ஒழிப்பையும் திருநர் உரிமையையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பார்க்கும் தோழர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். ஒடுக்குபவர்கள் நம்மை ஒரே தாளில்தான் எழுதினார்கள்.

அந்த முத்திரை சட்டப் புத்தகத்தோடு போய்விடவில்லை. 2018 மே மாதம் ஐதராபாத்தில், பிள்ளை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் ஒரு திருநங்கையை அடித்தே கொன்றது. லண்டன் நாளிதழின் கனத்த ஆங்கிலமும் ஐதராபாத் வதந்தியின் குரல் பதிவும் ஒன்றல்ல. ஒன்றில் ஆதாரத்தோடு எழுதப்பட்ட உண்மைகளும் இருந்தன, மற்றதில் பொய் மட்டுமே இருந்தது. ஆனால் படிப்பவரின் மனதில் இரண்டும் எழுப்பும் பிம்பம் ஒன்றுதான்: திருநர் என்றால் பிள்ளைகளுக்கு ஆபத்து. அந்தப் பிம்பத்தைத் தெரிந்தே பயன்படுத்தும் ஓர் ஆசிரியர், தான் எழுதிய உண்மைகளைக் காட்டி அதன் விளைவுகளிலிருந்து தப்பிக்க முடியாது.

யார் எழுதுகிறார்கள்?

அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று தன் முதல் இதழைத் தொடங்கியபோது அதற்கு ‘மூக்நாயக்’ என்று பெயர் வைத்தார். குரலற்றவர்களின் தலைவன் என்று பொருள். அன்றைய பத்திரிகைகளில் தீண்டப்படாத மக்களைப் பற்றிய செய்தி வராமல் இல்லை. அதை அவர்கள் எழுதவில்லை, அவர்களுக்காக எழுதப்படவில்லை என்பதுதான் சிக்கல். நூறு ஆண்டு கழித்தும் அது தீரவில்லை. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 ஆதிக்க சாதியினரிடம் இருந்தன. தலித்துகள், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. நம்மைப் பற்றி நாமில்லாத அறையில் முடிவாகும் செய்தி எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் மெர்மெய்ட்ஸ் செய்திகளையும் படிக்க வேண்டும்.

நம் ஊடகங்களுக்கு இதில் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்புள்ள இரு பெண்களின் வழக்கில் முக்கியமான உத்தரவுகளைப் பிறப்பித்தார். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்துக் காவல்துறையை ஏவிய வழக்கு அது. ஒருவரின் பாலின அடையாளத்தையும் ஈர்ப்பையும் மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார். உதவி தேவைப்படுவோருக்குத் துணை நிற்கும் தொண்டு நிறுவனங்களின் பட்டியலை அரசு வெளியிட வேண்டும் என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையினரை மரியாதையோடு குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. சொல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இருந்தும் ஒரு திருநங்கை கைதானால் ‘அடாவடி’ என்ற தலைப்பு தயாராக இருக்கிறது; அவர் கல்லூரியில் சேர்ந்தால் ‘சாதனை’ என்ற தலைப்பு தயாராக இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அவர் வாழும் வாழ்க்கைக்குச் செய்தியில் இடமில்லை.

நம் மாநிலத்திலும் நாளை திருநர் பிள்ளைகளுக்கான ஓர் இல்லமோ, உதவி எண்ணோ சர்ச்சையில் சிக்கலாம். அங்கேயும் உண்மையான தவறு இருக்கலாம். அப்போது ஒரு செய்தியைப் பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தச் செய்தி ஒரு நிறுவனத்தின் செயலைக் கேள்வி கேட்கிறதா, ஒரு பிள்ளையின் இருப்பைக் கேள்வி கேட்கிறதா? அந்த உதவியை நாடிய ஒருவரின் குரலாவது இதில் இருக்கிறதா? விசாரணை முடிந்து அறிக்கை வரும்போது, குற்றச்சாட்டுக்குக் கொடுத்த இடத்தை அதற்கும் இவர்கள் கொடுப்பார்களா?

முதல் இரண்டையும் படித்த உடனே சொல்லிவிடலாம். மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வரும் அறிக்கையைத் தேடிப் படிக்கிற பொறுமையும், அன்று பகிர்ந்த அதே இடத்தில் அதையும் பகிர்கிற நேர்மையும் நம்மிடமிருந்தே தொடங்கட்டும். தவறு செய்த நிறுவனத்தைத் திருத்துங்கள், தேவைப்பட்டால் மூடுங்கள். மூடினால் அதை அழைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இனி யாரை அழைப்பார்கள் என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வைத்திருங்கள். இங்கிலாந்தின் பெரிய பத்திரிகைகள் அந்தப் பதிலைக் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.